மகள் பிடித்த சீட்டு

ஓசூர் பேருந்து நிலையத்தில் பண்டிகைக்கு முந்தின நாள் பஸ் ஏற இரண்டு வழி உண்டு. ஒன்று படிக்கட்டு, இன்னொன்று ஜன்னல். படிக்கட்டில் ஏறுகிறவர்களுக்குப் பஸ் கிடைக்கும். ஜன்னலில் ஏறுகிறவர்களுக்குச் சீட்டு கிடைக்கும். பஸ் வளைந்து உள்ளே வரும்போதே கூட ஓடிப்போய், கைக்குட்டை, துண்டு, சாப்பாட்டுப் பை என்று கையில் இருப்பதை ஜன்னல் வழியாக எறிந்து இடம் போடுவார்கள். ஆனால் கைக்குட்டையை நம்ப முடியாது. முதலில் ஏறியவன் அதை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "யாருதுங்க இது?" என்று கேட்டுக்கொண்டே அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பிள்ளையைப் போடுவார்கள். பிள்ளையை எடுத்து ஓரமாக வைக்க யாருக்கும் மனசு வராது. இன்னும் விவரமானவர்கள் டவுன் பஸ் பிடித்து, பின்பக்கமாகக் கர்நாடகத்துக்குள் அத்திப்பள்ளிக்கே போய், பெங்களூரிலிருந்து வரும் பஸ்ஸில் அங்கேயே ஏறி, ஓசூருக்குள் வரும்போது ஜன்னலோரமாகச் சாய்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்கள்.

எனக்கு இந்தத் தந்திரம் எதுவும் பிடிக்காது. நான் திருச்சிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சின்னச் சின்ன பாகங்களைக் கோத்து அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடும் லைன் வேலை. எங்கள் கம்பெனியில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், அதற்குள்தான் நடக்க வேண்டும். கேன்டீனில் தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். யாரும் யாரையும் இடிக்கக் கூடாது. மற்றவர்கள் அதை ஆபீசர்களின் தொல்லை என்றார்கள். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. உள்ளே எட்டு மணி நேரம் மனிதர்களாக இருக்கிறவர்கள் கேட்டுக்கு வெளியே வந்ததும் ஷேர் ஆட்டோவுக்காக முட்டி மோதிக்கொள்வதைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஊரைத் திருத்த நான் யார்? ஆனால் என் வயிற்றில் பிறந்ததை நான் திருத்தலாமே.

மகள் பேச ஆரம்பித்ததிலிருந்தே பாடம் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஓடக் கூடாது. ஓட்டலில் பக்கத்து மேஜையின் இலையைப் பார்க்கக் கூடாது. கல்யாண மண்டபத்தில் நாற்காலிமேல் ஏறக் கூடாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் கத்திப் பேசக் கூடாது. யாரைப் பார்த்தாலும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அது ஓசூருக்கு ரொம்ப வசதி. எதிரே நிற்கிறவர் தமிழா, தெலுங்கா, கன்னடமா என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்த இரண்டு சொல்லும் மூன்று மொழிக்காரர்களுக்கும் பொது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பஸ்ஸில் பெரியவர்கள், கைக்குழந்தைக்காரி, உடம்பு முடியாதவர்கள் யார் ஏறினாலும் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். அவர்கள் கேட்கும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. இதை வாயால் சொன்னதோடு நான் விடவில்லை. அவளை அழைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான்தான் முதலில் எழுந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் ஊத்தங்கரைப் பக்கம் சிங்காரப்பேட்டைக்காரர். வேறொரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். தங்கமான மனுஷர். ஆனால் கூட்டத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு முழங்கை முளைத்துவிடும். நான் மகளுக்கு நடத்தும் பாடங்களைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

"கம்பெனி சட்டத்த எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டா உங்கம்மா. இன்னும் சங்கு ஊதறதுதான் பாக்கி."

ஒரு தடவை மகளைத் தெருமுனை பேக்கரிக்கு பன் வாங்க அனுப்பினேன். அவள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒழுங்காகப் போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அவள் தலைக்கு மேலாகக் கைகள் நீண்டன, காசு கொடுத்தன, பொட்டலம் வாங்கின, போயின. கடைசியில் பன் தீர்ந்துபோய் வெறுங்கையோடு வந்தாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அழுத புள்ளதான் பால் குடிக்கும். இவள இப்படியே வளத்தன்னா ஊரே இவ தலமேல ஏறிப் போவும், பாத்துக்கினே இரு."

"ஊரு ஏறுதுன்னு எம்புள்ளையும் ஏறணுமா? நாளைக்கு வேற பன் போடுவாங்க" என்றேன்.

வாயால் அப்படிச் சொன்னேனே தவிர, மகள் அந்த வெறுங்கையைப் பெருமையாக ஆட்டிக்கொண்டு வந்தது எனக்குள் ஒரு ஓரத்தில் உறுத்தியது. அதைப்பற்றி மேலும் யோசிக்கவில்லை. அடுத்த நாள் நிஜமாகவே வேறு பன் போட்டார்கள்.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் மறுபடி உண்டானேன். இந்தத் தடவை ஆரம்பமே சரியில்லை. மூன்றாம் மாதத்தில் லேசாக உதிரம் பட்டது. டாக்டர் அம்மா படுக்கச் சொன்னார், படுத்தேன். கம்பெனியில் சொல்லி, நிற்கும் வேலையிலிருந்து உட்காரும் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். ஐந்தாம் மாதம் பொங்கல் வந்தது. பொங்கல் மறுநாள் ஊரில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான், தட்டு எடுக்க நான் போயாக வேண்டும். டாக்டர் அம்மா ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போங்க. ஆனா உக்காந்துதான் போகணும். நின்னுக்கிட்டுப் போற மாதிரி இருந்தா வீட்டுலயே இருங்க" என்றார். ரயிலில் எங்கள் வெயிட்டிங் லிஸ்ட் கடைசிவரை அசையவில்லை. கார் பிடிக்கலாம் என்றால் பண்டிகை நேரத்தில் அவர்கள் கேட்ட வாடகையில் நிச்சயதார்த்தத்தையே நடத்தி முடித்துவிடலாம். ஆகவே பஸ்.

போகியன்று மதியம் பேருந்து நிலையத்துக்குப் போனபோது, ஊரில் இருக்கிற அத்தனை கம்பெனிகளும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. தோளில் பை, கையில் கரும்பு, இடுப்பில் குழந்தை. மதுரைப் பேச்சு, நெல்லைப் பேச்சு, கடலூர்ப் பேச்சு எல்லாம் ஒரே இடத்தில் கலந்து இரைந்தது. மார்கழிக் குளிருக்கு நான் சுடிதாருக்கு மேலே அவருடைய பெரிய ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். வயிறு இருப்பதே வெளியே தெரியவில்லை.

"அப்பா சொல்றத நல்லா கேட்டுக்கோ கண்ணு" என்று அவர் மகளிடம் குனிந்தார். "உன்னத் தூக்கி உள்ள விடுவன். மூணு பேர் சீட்டு ஒண்ணு பாத்து, அதுல பைய வெச்சி படுத்துக்கோ. யாரு கேட்டாலும் ஆள் வராங்கன்னு சொல்லு. சரியா?"

"ஜன்னல்ல ஏறுறது தப்பாச்சே" என்றாள் மகள், என்னைப் பார்த்து.

அவர்தான் சொன்னார். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. இது பந்தி. இன்னிக்கு ஒரு நாள் அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சரி என்று எனக்குத் தோன்றியதால் அல்ல, பயத்தில்.

திருச்சி ஸ்பெஷல் பஸ் வந்தது. அவர் கூடவே ஓடி, மகளைத் தலைக்கு மேல் தூக்கி, கம்பியில்லாத ஒரு ஜன்னலுக்குள் விட்டார். முதலில் அவள் போனாள், பின்னால் பை போனது. ஜன்னலுக்குள்ளிருந்து அவள் கை வெளியே வந்து ஆட்டிக் காட்டியது. "முடிஞ்சுது வேல" என்று அவர் திரும்பி வந்து, என்னை முன்னால் விட்டு, இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு படிக்கட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தார். அவசரமே இல்லாமல் ஏறினோம். சீட்டுதான் இருக்கிறதே.

உள்ளே போய்ப் பார்த்தால், மூன்று பேர் சீட்டுக்குப் பக்கத்தில் நடைபாதையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஒரு பெரியவர். நடுவில் அவர் மனைவி. இந்த ஓரத்தில் கைக்குழந்தையை மடியில் போட்டபடி, முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண். எங்கள் பை சீட்டுக்கு அடியில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. மகளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பரீட்சையில் முழு மார்க் வாங்கிய நாளில்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

"அம்மா, மூணு பேருக்கும் எடம் குடுத்துட்டேன். யாரும் கேக்கவே இல்ல, நானாதான் குடுத்தேன்."

என் வீட்டுக்காரருக்கு முகம் மாறியது. "ஏய், என்னா பண்ணி வெச்சிருக்க நீ" என்று ஆரம்பித்தார். அதற்குள் ஜன்னலோரப் பெரியவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "சால மஞ்சி பாப்பா" என்று தெலுங்கில் மெச்சினார். அவர் மனைவி தமிழிலேயே சொன்னாள்: "தங்கமா வளத்திருக்கியேம்மா. இந்தக் காலத்துல எந்தப் புள்ள எந்திரிக்குது?" குழந்தைக்காரப் பெண்ணும் சிரித்துத் தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏழு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்கக் கூடாத நேரத்தில் வந்து சேர்ந்தது.

வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார். "நான் கேக்கறன். விஷயத்த சொன்னா எந்திரிப்பாங்க."

"வேணாம். சும்மா இருங்க."

"டாக்டரு என்னா சொன்னாங்க?"

"கிருஷ்ணகிரில எறங்குறவங்களா இருப்பாங்க. அதுவரைக்கும் நின்னுக்குறேன்."

மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்த இடத்தை அவள் கண்ணெதிரே பிடுங்கினால், அதன் பிறகு அவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது? பிடுங்காமல் நின்று வயிற்றிலிருப்பதற்கு ஏதாவது ஆனால், அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்றால், பின்னால் படிக்கட்டுவரை ஆள் அடைத்துவிட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

நிற்கிறவளுக்குப் பஸ்ஸில் எல்லாம் தெளிவாகத் தெரியும். எதிர் சீட்டில் கம்பெனி யூனிபாரத்தோடு ஒரு இளைஞன் காதில் வயரைச் செருகிக்கொண்டு தூங்கினான். அவன் நைட் ஷிப்ட் முடித்து வந்தவனாக இருக்கலாம், அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குப் பின்னால் ஒருவர் போனில் சத்தமாகக் காமெடி வைத்துத் தானே சிரித்துக்கொண்டார். ஒரு அம்மாள் தனக்குப் பக்கத்தில் ஒரு பூசணிக்காயை உட்கார வைத்து, இடுப்பால் அணைத்துக்கொண்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் மனசுக்குள் ஒரு பிரசங்கம் நடத்தியிருப்பேன். அன்றைக்குப் பூசணிக்காயின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

சூளகிரி தாண்டியதும் இடுப்பின் கீழே ஒரு பிடிப்பு வந்தது. வந்தது, போனது. மறுபடி வந்தபோது எனக்கு வியர்த்தது. அவர் எனக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்து, கூட்டம் என்மேல் படாமல் சுவர் மாதிரி நின்றார். அவர் மூச்சு என் பின்கழுத்தில் வேகமாக வந்து விழுந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்திலும் வாயைத் திறந்து "நான் உட்கார வேண்டும்" என்ற மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு வரவில்லை. கொடுத்துத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.

குந்தாரப்பள்ளி சந்தைக்குப் பக்கத்தில் மாடு ஏற்றிய வண்டிகள் குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். மொத்தக் கூட்டமும் முன்னால் சரிந்தது. வீட்டுக்காரர் தாங்கிக்கொண்டார், இருந்தும் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது.

"அம்மா, வலிக்குதா?" என்றாள் மகள்.

"இல்ல."

"உனக்கு மூஞ்செல்லாம் தண்ணியா இருக்கு."

"ஸ்வெட்டர் போட்டிருக்கேன்ல."

"வயித்தப் பிடிச்சிருக்க. பாப்பாவுக்கு வலிக்குதா?"

நான் பதில் சொல்வதற்கு முன் அவர் சொல்லிவிட்டார். "உங்கம்மா நிக்கக் கூடாது கண்ணு. டாக்டரு சொல்லியிருக்காங்க."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தான் இடம் கொடுத்த மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் கத்தக் கூடாது என்று நான் ஏழு வருஷம் சொல்லி வளர்த்த பிள்ளை, அந்தப் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"யாராச்சும் எந்திரிங்க! எங்கம்மா வயித்துல பாப்பா இருக்கு! எங்கம்மா நிக்கக் கூடாதாம்!"

போனில் ஓடிய காமெடி நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் குழந்தைக்காரப் பெண் எழுந்துவிட்டாள்.

"யா அல்லா! ஏம்மா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஓசூர்லருந்து இப்படியே நின்னுக்கினு வர்றியே. நானும் ரெண்டு பெத்தவதான், எனக்குத் தெரியாதா? உக்காரு மொதல்ல."

"உங்க கையில கொழந்தை..."

"கொழந்தைய நீ வெச்சிக்கோ. நான் நிக்கறன்."

நான் உட்கார்ந்ததும் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவரின் மனைவி இன்னும் உள்ளே ஒடுங்கி எனக்கு இடம் விட்டாள். அவளுக்குத்தான் முகம் சுண்டிப்போயிருந்தது. "தெரியலயேம்மா, ஸ்வெட்டர்ல ஒண்ணும் தெரியலயே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்பின் தெரியாத அந்தக் குழந்தை என் ஸ்வெட்டர் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த பிடிப்பு மெதுவாக விட்டுக்கொண்டு வந்தது. கிருஷ்ணகிரி வரும்வரை அந்தப் பெண் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். யாரும் என்னை அவ்வளவு அக்கறையாகத் திட்டியதில்லை.

கிருஷ்ணகிரியில் அவர்கள் மூன்று பேரும் இறங்கினார்கள். இறங்கும்போது அந்தப் பெண் மகளின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுவிட்டுப் போனாள். மூன்று இடமும் எங்களுக்கே கிடைத்தது. மகள் ஜன்னலோரம் உட்காராமல் நடுவில், என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள். தப்பு செய்தவள் மாதிரி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் கேட்டேன்.

"மூணு எடத்துல ரெண்ட குடுத்துட்டு, ஒண்ண அம்மாவுக்கு வெச்சிருக்கலாம்ல? அம்மா வயித்துல பாப்பா இருக்குன்னு உனக்குத்தான் தெரியுமே?"

அவள் நிமிர்ந்தாள். கேள்வியே அவளுக்குப் புரியாத மாதிரி இருந்தது.

"நீதான் எப்பவும் நிப்பியே. உனக்கும் சீட்டு வேணும்னு எனக்குத் தெரியாதும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்ப முடியாது, அங்கே அவர் இருந்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, வைகாசியில் பையன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் நான் அழுதது அவனுக்காக அல்ல.

பஸ் கிளம்பும் நேரத்தில் கரும்புக் கட்டோடு ஒரு முதியவர் மூச்சு வாங்க ஏறினார். உள்ளே இடமில்லை. நேராக எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் கால் தானாகத் தரையில் ஊன்றியது, இடுப்பு தானாக எழும்பியது. என் தொடைமேல் மகளின் கை வந்து அழுந்தியது.

"நீ எந்திரிக்காத" என்றாள்.

ஜன்னலோரமிருந்து பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது. "இந்த வூட்ல ஒருத்தராவது நின்னுதான் ஆவணும்போல" என்று முனகிக்கொண்டே அவர் எழுந்து, எங்களைத் தாண்டி வெளியே வந்து, முதியவரின் கரும்பை வாங்கி மேலே வைத்தார். மகள் என் தொடையிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன்.